கல்லும் காப்பாளரும்

நூதனசாலைக் காப்பாளர் கள்வனிலும் கறையானுக்கே பெரிதும் அஞ்சுவார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். கள்வன் விலைமதிப்புள்ளதை மட்டுமே தேடுவான். கறையானுக்கோ அரசனின் ஓலையும் கடைக்காரனின் கணக்கேடும் ஒரே உணவு. பேதம் பாராத கறையானிடமிருந்து பொருள்களைக் காக்க முனையும் காப்பாளரோ பேதம் பார்த்தே தீரவேண்டும்; எல்லாவற்றையும் வைத்திருக்க இடமில்லை. ஆயின், அவரது மதிப்பீடு பிழைபடாதது என்பதற்கு உறுதி யாது?

காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இவ்விடத்துச் சிந்திக்கத்தக்கது. 1409 ஆம் ஆண்டுக் காலக்குறிப்புடைய இக்கல்லைக் கொணர்ந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. 1911 இல் அது கண்டெடுக்கப்பட்டபோது மதகொன்றின் மூடுகல்லாயிருந்தது. மும்மதத்தாரும் பேதமின்றி அதன்மேல் நடந்திருப்பர்! இன்று கொழும்பு நூதனசாலையில் அதனைத் தொடுவதே தவறு.

கல் மாறவில்லை, வாசிக்கத் தெரிந்தவர் வந்தார், அவ்வளவே. மதகு கட்டியவன் அதனை உடைத்தெறிந்திருப்பின், வந்தவர் வாசிக்க எதுவும் எஞ்சியிராது. அவன் உடையாது விட்டமை தற்செயல். தற்செயலாய் நிகழ்ந்ததைக் கடமையாய்ச் செய்வதே காப்பாளரின் அறம். 'இனங்காணப்படாதது' என்னும் சீட்டுடன் களஞ்சிய அறையிற் கிடக்கும் பொருளைத் தூசு தட்டி மீண்டும் அதன் இடத்தில் வைக்கும்போது, தன்னிலும் அறிந்தவர் ஒருவர் பின்னர் வருவார் என அவர் ஒப்புக்கொள்கிறார். தான் அறியாததைப் பயனற்றது எனத் தள்ளாதிருக்கும் இப்பணிவே அவரைக் கறையானினின்றும் வேறுபடுத்துகின்றது.