சாவியைத் திருப்பினீர்களா?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை அடையாறு, கோட்டூர்புரம் பக்கம் இருந்தவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: முந்தின நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆறு எங்களைப் பார்க்க வந்துவிட்டது. நாங்கள் முதல் மாடியில் தப்பித்தோம். கீழே பார்க்கிங்கில் என் பழைய கார் ஹெட்லைட் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து தண்ணீர் வடிந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. கார் மட்டும் இருந்தது. சேறு படிந்த கதவைத் திறந்து, ஈர சீட்டில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து, எல்லோரும் செய்வதைச் செய்தேன். சாவியைத் திருப்பினேன். குர்ர்ர்... ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ‘பார்த்தியா, என் வண்டி!’ என்று மனைவியிடம் பெருமையடிக்க வாயைத் திறப்பதற்குள் ‘டங்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி.

என் மெக்கானிக் மண்டைவெளியில் ஒரு வேப்பமரத்தடியில் ஷெட் வைத்திருக்கிறார். அந்த வாரம் அவருக்கு சினிமா ஸ்டார் அளவுக்கு டிமாண்ட். நாலாவது நாள்தான் வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் என்னைத்தான் விசாரித்தார், டாக்டர் மாதிரி.

“சாவி போட்டா என்ன சத்தம் சார் வந்துச்சு?”

இதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. டக்டக்டக் என்று பல்லி மாதிரி சத்தம் வந்தால் பேட்டரி காலி. நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்ரோல் வரவில்லை அல்லது ப்ளக்கில் பொறி இல்லை. ஒரே ஒரு ‘டக்’குடன் உறைந்துபோனால் எஞ்சின் ஜாம். பெட்ரோல், காற்று, பொறி, அழுத்தம். இந்த நான்கில் எது இல்லை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவதுதான் முழு வித்தை. நோயையும் அதன் காரணத்தையும் கண்டுபிடித்த பிறகுதான் வைத்தியம் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்வதும் இதைத்தான்.

டிப் ஸ்டிக்கை உருவினார். ஆயில் நல்ல டிகிரி காபி நிறத்தில் இருந்தது. “தண்ணி கலந்திருக்கு.” ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஒரு டம்ளர் அடையாறு பாக்கி இருந்தது. ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றப் பார்த்தார். ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

விஷயம் எளிமையானது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். தண்ணீர் கொடுக்காது. கனெக்டிங் ராட் வளைந்து கொடுக்கும். ஷெட்டில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்று பிஸ்டன்கள் ஒரே உயரத்துக்கு வந்தன, ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக நின்றது.

“தொடாம விட்டிருந்தீங்கன்னா தண்ணி ஃபில்டர் பெட்டிலயே நின்னிருக்கும் சார். சாவி போட்டதும் எஞ்சின்தான் உள்ள இழுத்துக்கிச்சு. ப்ளக்கைக் கழட்டி, ஆயிலை மாத்தி, மூவாயிரம் நாலாயிரத்துல முடிஞ்சிருக்கும்.”

இப்போது? அரை லட்சத்துக்கு மேல்.

பிரச்னை அப்புறம்தான் ஆரம்பித்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். சின்னப் பையன், தூக்கமில்லாத கண்கள், கையில் நாற்பது ஃபைல். காரைச் சுற்றி போட்டோ எடுத்துவிட்டு, ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“தண்ணி வடிஞ்ச பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?”

வெள்ளத்தால் வந்த நஷ்டத்துக்கு பாலிஸி பணம் தரும். வெள்ளத்துக்குப் பிறகு நாமே சாவியைத் திருப்பி வரவழைத்த நஷ்டம் ‘பின்விளைவு’. அதற்குத் தனி ரைடர் வாங்கியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் கை விரிப்பார்கள். நான் வாங்கவில்லை. முந்தின ராத்திரியே மைத்துனர் பாடம் நடத்தியிருந்தார். “ஒரே ஒரு ‘இல்லை’. யாருக்கு நஷ்டம்? வருஷா வருஷம் ப்ரீமியம் கட்டலையா நீங்க? எல்லாரும் இப்படித்தான் அத்திம்பேர் சொல்றா.”

யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயமே இல்லாமலும் இல்லை. ராட் வளைந்ததற்கு யார் காரணம்? நானா, மழையா? ஹார்ட், ஹானரே என்ற இரண்டு பேர் 1959-ல் சட்டத்தில் ‘காரணம்’ என்றால் என்ன என்று ஒரு தடிமனான புத்தகமே எழுதினார்கள். ஒரு மனிதன் தெரிந்தே, சுதந்திரமாகச் செய்யும் செயல் காரணச் சங்கிலியை அறுத்துவிடும், அதற்கு முந்தியதெல்லாம் வெறும் பின்னணி என்பது அவர்கள் கட்சி. நான் சுதந்திரமாகத்தான் திருப்பினேன். ஆனால் தெரிந்து திருப்பவில்லையே? அந்தக் கணக்கில் பழி மழைக்கே போகலாம். கெட்டிக்கார வக்கீல் வாதாடலாம்.

ஆனால் அந்த வாதத்தை எடுத்துவைக்க வேண்டுமானால், ‘ஆமாம், திருப்பினேன்’ என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மைத்துனர் சொன்ன ‘இல்லை’ வாதம் அல்ல. வாதத்துக்கு வேண்டிய தடயத்தை அழிப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

கான்ட் 1797-ல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் துரத்தி வருபவன் கேட்டால்கூடப் பொய் சொல்லாதே என்கிறார். அந்த அளவுக்கு எனக்கு தைரியமில்லை. சர்வேயரும் கொலைகாரர் இல்லை, பாவம், பசியோடிருந்தார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் வளைந்த ராடைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நின்ற எஞ்சினில் ராட் வளையாது. அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

“பண்ணினேன். மூணு தடவை” என்றேன்.

சர்வேயர் தலை நிமிர்ந்து பார்த்தார். அன்று அந்த பதிலை அவர் அதிகம் கேட்டிருக்கவில்லை போல. எழுதிக்கொண்டார். சீட், வயரிங், கார்ப்பெட்டுக்குப் பணம் வந்தது, எஞ்சினுக்கு வரவில்லை. மெக்கானிக் எதிரில் நின்றதால்தான் உண்மை பேசினேனா, அவர் டீ குடிக்கப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. மைத்துனர் ஆறு மாதம் என்னை ‘அரிச்சந்திரன்’ என்றே கூப்பிட்டார்.

இதை எழுதுவது என் யோக்கியதையைப் பறைசாற்ற இல்லை. ஓடாத எஞ்சினுக்குக் காரணம் தேடும்போது நம் கையை மட்டும் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம் என்பதற்காக. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, 2015 வெள்ளத்தை மனிதர்களால் வந்த பேரிடர் என்றது. ‘பார்த்தீர்களா!’ என்று எல்லோரும் கோட்டையைக் கை காட்டினோம். காட்டவேண்டியதுதான். ஆனால் மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாமல் ஒரு லேக் வ்யூ ரோடு இருக்கிறதே? நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு? 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரே வந்தது. அந்த மண்மேல் நாம் புடவை வாங்கினோம், ஃப்ளாட் வாங்கினோம். வாங்கும்போது ‘இங்கே முன்னால் என்ன இருந்தது?’ என்று கேட்டவர் எத்தனை பேர்? ‘ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா’ என்று யாராவது நம்மைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வோம்.

‘இல்லை’ என்பதில் உள்ள பெரிய ஆபத்து என்னவென்றால், நாலு தடவை சொன்னால் நமக்கே அது உண்மையாகிவிடும். அப்புறம் எஞ்சின் போனது மழையால்தான். அடுத்த மழையிலும் சாவியைத் திருப்புவோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தெருவில் தண்ணீர். வடிந்த பிறகு சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பேட்டரி வயரை மட்டும் கழற்றிவிட்டு, மெக்கானிக்குக்காக ஐந்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான ரிப்பேர் அது. ஆயில் மாற்றிக் கிளப்பினார். பிடித்துக்கொண்டது.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஞாபகமிருக்கலாம். பலர் கிண்டலடித்தார்கள். நான் அடிக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் முன்பு சாவியைத் திருப்பியவர்களோ!