வாசலில் சொன்ன பொய்

ஒரத்தநாட்டில் மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்கு அங்கே சோறும் தங்க இடமும் கிடைத்தன. அது பேரறம். எனினும் அங்கு உண்டு உறங்கியவரைத் தேடி எவரும் தீவட்டியுடன் வரவில்லை. தேடப்படுகிறவருக்குத் திண்ணை போதாது, உள்ளறை வேண்டும்.

1983 சூலை 24ஆம் நாள் இரவு கொழும்பில் தமிழர்மீது வன்முறை வெடித்தது. முந்தைய இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படைவீரர் மாண்டதற்குப் பழி என்றனர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடின. அந்நாள்களில் எத்தனையோ சிங்களக் குடும்பத்தார் அண்டைத் தமிழரைத் தம் வீட்டினுள் ஒளித்துவைத்தனர். இவர்கள் தலைவர்கள் அல்லர். மதிலுக்கு மேலாகக் கறிவேப்பிலை கொடுத்து வாங்கிப் பழகியவர்கள். தம் வீடும் கொளுத்தப்படலாம் என அறிந்தே கதவைத் திறந்தனர். கும்பல் கேட்டபோது, தமிழர் இங்கு யாருமில்லை என்றனர். இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சு நாட்டு லெ சாம்போன் ஊரார் யூதரை மறைத்துக் காத்ததும், போலி அடையாளச் சீட்டுகள் செய்து கொடுத்ததும் இதே வகைதான்.

சொன்னது பொய். அது பாவமா?

வள்ளுவர் இடம் தருகிறார். குருமடத்தில் நமக்கு முதலில் கிடைத்த விடையோ கடுமையானது. உயிரைக் காக்கவும் பொய் கூடாது என்பார் புனித அகுஸ்தினார். தம் சொந்த ஊராகிய தகாஸ்தேயில் முன்பு ஆயராயிருந்த பிர்முசை அவர் சான்று காட்டுகிறார். தம்மிடம் ஒளிந்திருந்த ஒருவனைத் தேடிப் பேரரசனின் ஆள்கள் வந்தபோது, பொய்யும் சொல்லாமல் காட்டியும் கொடாமல் சித்திரவதையைத் தாங்கினார் அவ்வாயர். இறுதியில் பேரரசனே அவனை மன்னித்தான். வணங்கத்தக்க துணிவு! ஆனால் ஆயர் தாங்கியது தம் உடலில். கொழும்பு வாசலில் நின்ற பெண் வாய் திறவாதிருந்தால், கட்டிலடியில் மூச்சடக்கிக் கிடந்த குழந்தையை அம்மௌனமே காட்டிக்கொடுத்திருக்கும்.

எரிகோவின் இராகாபும் ஒற்றர்களைச் சணல் தட்டைகளுக்குள் மறைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டதாகச் சொன்னாள். எபிரேயர் திருமுகமும் யாக்கோபு திருமுகமும் அவளைப் போற்றுகின்றன. போற்றப்படுவது அவளது இரக்கமே, பொய்யன்று என்பது அகுஸ்தினார் விளக்கம். நூலறையில் அமர்ந்து செய்யத்தக்க பிரிவினை அது! 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், உண்மையை அறிய உரிமையுள்ளவரைத் தவறான எண்ணத்திற்குள்ளாக்குவதே பொய் என்றது. 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வுரிமை பற்றிய சொற்கள் விடுபட்டன. உரிமையில்லாதவருக்கு உண்மையை வெளியிடும் கடமை எவருக்கும் இல்லை என்னும் பகுதி மட்டும் நின்றது. திருச்சபையும் இங்கே அளந்துதான் பேசுகிறது. அக்கும்பல் கேட்டது செய்தியையன்று, உயிரை. ஆதலால் பாவமில்லை என்றே நாம் கொள்கிறோம்.

அன்று திறவாத கதவுகளும் பல. அவற்றின் பின்னே இருந்தவர்கள் எட்டாம் கட்டளையை மீறவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அவர்கள் எதைச் சொல்லியிருப்பார்கள் என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு.