வௌவால் செய்த குற்றம் யாது?



வைரஸ் என்னும் சொல்லை இன்று அறியாத குழந்தை இல்லை. 2020க்குப் பின் தொற்று, தனிமை, முகக்கவசம் ஆகிய சொற்கள் நம் அடுக்களை வரை வந்துவிட்டன; அவற்றோடு அச்சமும் வந்தது. ஏற்காட்டில் பாடத்தில் ஐயம் கேட்க என்னிடம் வரும் பிள்ளைகளுள் ஒரு சிறுமி, "பாட்டி, வைரசுக்கு உயிர் உண்டா? வௌவாலைக் கொன்றால் பாவமா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். இரண்டாம் கேள்வியே அவசரமானது. பழமரத்தை வெட்டிவிடலாமா, வெடி போட்டு விரட்டலாமா என்று நம்மவர் வீடுகளிலும் பேச்சு எழுகிறது.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டமும் வௌவாலும் பிரியாதவை. சில்வர் ஓக் நிழலில் காப்பி; இடையிடையே பலா, கொய்யா, ஆரஞ்சு. பழுத்த இடத்திற்கு வௌவால் வரத்தான் செய்யும். மது, மாமிசம், தேன் ஆகியவற்றோடு ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் விலக்குவது நமக்கு மூலகுணமாக உரைக்கப்பட்டது. நாம் விலக்கிய அந்த ஆலும் அத்தியுமே வௌவாலுக்கு விருந்து! அது உதிர்க்கும் விதைகளால் காட்டில் புதுமரம் முளைக்கிறது.

இனி அச்சத்தின் காரணத்தைக் காண்போம். 1998இலும் 1999இலும் மலேசியாவில் பன்றி வளர்ப்போரிடையே மூளைக்காய்ச்சல் ஒன்று பரவி, 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பன்றிக் கொட்டிலை ஒட்டியே பழத்தோட்டம் அமைத்திருந்தார்கள். வௌவால் கடித்து எறிந்த பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதர் பெற்றனர். முடிவில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. கொட்டிலையும் தோட்டத்தையும் அருகருகே அமைத்தவன் மனிதன். உயிர் கொடுத்தவை பன்றிகள்.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் அதே நோய் தோன்றி 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நோயாளிக்குத் தொண்டு செய்த செவிலி லினியும் ஒருவர். ஒன்றைக் கூர்ந்து நோக்குக: முதல் நோயாளிக்குப் பின் வந்தவர்களுக்கு நோய் வௌவாலிடமிருந்து வரவில்லை. பெரும்பாலோர்க்கு மருத்துவமனையில், நோயாளியின் அருகில் இருந்தபோது, மனிதரிடமிருந்தே தொற்றியது. ஆயினும் ஊரார் கல் எடுத்தது வௌவால் மீது.

2020 ஏப்ரலிலும் இவ்வாறே. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட சில மாநிலங்களின் பழந்தின்னி வௌவால்களிடம் ஒருவகைக் கொரோனா வைரஸ் காணப்பட்டதாக ஆய்வாளர் அறிவித்தனர். அது கோவிட் நோயை உண்டாக்கிய வைரஸ் அன்று. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவர்கள் நடுங்கினர்.

கொன்றுவிட்டால் நோய் ஒழியுமா? உகாண்டா நாட்டுக் கிடாக்கா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்க்கு மார்பர்க் என்னும் கொடுநோய் வந்தது. உடனே சுரங்கத்து வௌவால்களை எல்லாம் அழித்தனர். வெற்றிடத்தில் புதியவை வந்து குடியேறின. 2012இல் அப்பகுதியில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது ஆராய்ந்தால், வைரஸ் தாங்கிய வௌவால்களின் விகிதம் முன்னைவிட இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது! இம்சை பயனும் தரவில்லை.

இதற்கு மாறாக வங்காளதேசத்தைப் பாருங்கள். அங்கே ஈச்ச மரத்தில் கலயம் கட்டிப் பதநீர் இறக்குவர். இரவில் வௌவால் வந்து நக்கும். காலையில் அதைப் பச்சையாகப் பருகியவர்க்கு நிப்பா வந்தது. மரத்தில் பால் வடியும் இடத்தையும் கலயத்தின் வாயையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அணுகுவதில்லை என்று கண்டனர். ஓர் உயிரும் சாகவில்லை. தட்டி முடையச் சிறிது மூங்கிலும் சிறிது பொறுமையும் போதும். ஆயிரம் மேடைப் பேச்சைவிட இந்தத் தட்டியை நான் மதிக்கிறேன்.

இல்லறத்தார்க்கு இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்துச் சொல்லுவர். சமைப்பதிலும், தொழிலிலும், தற்காப்பிலும் நேர்வனவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பியை அறவே விட வேண்டும். தூங்கும் வௌவாலைப் புகை போட்டுக் கொல்வது தற்காப்பு ஆகாது. அது ஐம்பொறி உடைய ஜீவன். குட்டியை மார்பில் சுமந்து பாலூட்டும் தாய். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துக் கேடு செய்யும் பிராணிகளின் அட்டவணையில் வைத்திருந்தனர். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த அட்டவணையே நீங்கியது. வௌவாலுக்காகத் தீபாவளியன்று வெடி வெடிக்காத சிற்றூர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உள்ளன. அவர்கள் யாரும் ஆகமம் பயின்றவர் அல்லர்.

ஆகவே தோட்டமுடையோர் செய்யத்தக்கவை இவை. கடித்த பழத்தை, கடிபட்ட பகுதியை மட்டும் அரிந்துவிட்டு உண்ணலாம் என்று எண்ணாமல், முழுவதும் விலக்குக. உதிர்ந்த பழத்தைப் பிள்ளைகள் வெறுங்கையால் பொறுக்க விடாதீர். பறித்த பழத்தை நன்கு கழுவித் தோல் நீக்கி உண்க. மெல்லிய நரம்பு வலையை மரத்தில் போர்த்தாதீர். வௌவால் சிக்கித் துடித்துச் சாகும். பழக்குலைக்குத் துணிப்பை கட்டினால் போதும்.

சிறுமியின் முதல் கேள்விக்கு வருவோம். வைரஸ் தானாக உண்பதில்லை, வளர்வதில்லை. பிற உயிரின் அணுவுக்குள் புகுந்தால் மட்டுமே பெருகும். அதை உயிர் என்பதா என்று அறிவியலாரே ஒருமித்துக் கூறவில்லை. நம் நிகோத ஜீவனே வைரஸ் என்றும், முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்றும் முழங்குவோரை நான் ஏற்பதில்லை. நிகோதம் ஜீவ தத்துவத்தில் சொல்லப்பட்டது. நுண்ணோக்கியில் கண்டு எழுதியதன்று. நாம் நீரை வடிகட்டும் துணியில் சிறு பிராணிகள் நிற்கும். வைரஸ் நில்லாது, நீரைக் காய்ச்சவே வேண்டும். சோப்பு நீர் நிப்பா, கொரோனா வைரஸ்களின் கொழுப்புறையைக் குலைத்துவிடும். அதுவும் இம்சைதானே என்று அச்சிறுமி விடாமல் கேட்டாள். "இல்லறத்தில் தவிர்க்க முடியாத ஆரம்பி வகையில் அதை வை, கையைக் கழுவிவிட்டே பாட்டனுக்குச் சோறு பரிமாறு" என்றேன்.