ஈற்றெழுத்தில் காதை வையுங்கள்

லத்தீன் பாடநூலின் முதல் அட்டவணையே உங்களை மலைக்க வைத்ததா? ஆறு வேற்றுமை, ஒருமை, பன்மை. ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பன்னிரண்டு கட்டம். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் தாய்மொழிக்கு வேற்றுமை எட்டு. அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவோடு என்று மழலையிலேயே பிரித்துப் பேசியவர் நீங்கள். அட்டவணை அப்போது எங்கே இருந்தது?

'அக்வா' என்றால் தண்ணீர். 'அக்வம்' என்றால் தண்ணீரை. நாம் 'ஐ' சேர்க்கும் இடத்தில் ரோமர்கள் 'ம்' சேர்த்தார்கள். 'புவெல்லா அக்வம் பொர்த்தத்': சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள். வினை கடைசியில் நிற்கிறது, நம் வீட்டுப் பேச்சைப் போல. 'அக்வம் புவெல்லா பொர்த்தத்' என்று மாற்றிச் சொல்லுங்கள். தண்ணீரைச் சிறுமி சுமக்கிறாள். சொல் இடம் மாறியது, பொருள் அசையவில்லை. ஆனால் அந்தச் சின்ன 'ம்' விழுந்தால்? 'அக்வா பொர்த்தத்'. இப்போது தண்ணீர் எதையோ சுமக்கிறது!

சொற்களை ஒற்றையாக மனப்பாடம் செய்யாதீர்கள். இணையாகச் செய்யுங்கள். அகராதி 'ரேக்ஸ், ரேகிஸ்' என்று இரண்டு வடிவம் தருவது வீணுக்கல்ல. ரேக்ஸ் என்றால் அரசன், ரேகிஸ் என்றால் அரசனுடைய. அரசனை என்று சொல்ல, இரண்டாவது வடிவத்தில்தான் அடிச்சொல் கிடைக்கும்: 'ரேகெம்'. இது உங்களுக்குப் புதிதா? 'மரம்' நம்மிடம் 'மரமை' ஆவதில்லை, 'மரத்தை' ஆகிறது. 'வீடு' 'வீட்டை' ஆகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவரை இந்த 'த்து'வும் 'ட்டு'வும் என்ன பாடு படுத்தும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை.

அந்தப் பாட்டை முழுதும் பட்டவர் ஒருவர் உண்டு. 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். நீங்கள் இன்று நடக்கும் வழியில் அவர் எதிர்த்திசையில் வந்தார். வந்து, தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனார். இரு மொழியின் ஈறுகளும் ஒரே நாவில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆகவே இன்று பத்துச் சொல் வேண்டாம். ஒன்று போதும். கண்ணால் படிக்காமல் வாயால் சொல்லுங்கள். ஈறு காதில் விழட்டும். 'பொர்த்தோ' என்றால் சுமக்கிறேன். 'பொர்த்தாஸ்' என்றால் சுமக்கிறாய். நான், நீ என்று தனியே சொல்லத் தேவையில்லை. வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும், இங்கும் அங்கும்.

மாலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, அல்லது பாட்டிலைப் பையில் வைக்கும்போது, மெல்லச் சொல்லிப் பாருங்கள்: 'அக்வம் பொர்த்தோ.'