நீதிமன்றத்தின் கேள்வியும் வீட்டின் கேள்வியும்

சீட்டாட்டம் சூதா, திறமையா என்று நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967இல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியபோது ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, அந்த அட்டவணையில் இவ்விரு ஆட்டங்களைச் சேர்த்தது செல்லாது என்றது. வழக்குரைஞர்களுக்கு இது பெரிய வேறுபாடு. ஆடுகிறவருக்கோ, 'இது திறமை ஆட்டம்' என்ற ஆறுதலைப் போல ஆபத்தானது வேறில்லை. போக்கரில் திறமை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் எவ்வளவு பணத்தோடு மேசையில் உட்காரலாம் என்பதை அந்தத் திறமையை நம்பி முடிவு செய்யக் கூடாது.

கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவரும் முழுப் பணயத்தையும் வைத்துவிட்டார்கள். இதைவிட நல்ல நிலை போக்கரில் அபூர்வம். அப்போதும் ஏஸ் வெல்வது ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு முறைதான். ஒரு போட்டியில் இப்படி ஐந்து முறை உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தால், ஐந்திலும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. தவறே செய்யாதவரின் கதி இது. பிளைண்டு எனும் கட்டாயப் பந்தயம் நேரம் போகப் போக ஏறுவதால் நல்ல சீட்டுக்காகக் காலவரையின்றிக் காத்திருக்கவும் வழியில்லை. நூறு பேர் ஆடி, பதினைந்து பேருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களைப் போல இரு மடங்கு அடிக்கடி பரிசு பெறும் கெட்டிக்காரர்கூடப் பத்தில் ஏழு போட்டிகளில் வெறுங்கையோடுதான் திரும்புவார். மறுபக்கம், நூறு பேரும் கற்றுக்குட்டிகளாக இருந்தாலும் பதினைந்து பேர் முதல் நாளே பரிசோடு வீடு திரும்புவார்கள். தங்களுக்குள் ஒரு மேதை ஒளிந்திருப்பதாக அவர்கள் நம்பத் தொடங்குவதுதான் சிக்கல்.

அதே 2022இல், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இந்திய வீரர் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். அந்த எட்டே ஆட்டங்கள் போதும், எதிரே உட்காருபவருக்கு அவர் யாரென்று புரிய. போக்கரில் எட்டுப் போட்டிகள் எதையும் சொல்லாது; நூற்றுக்கணக்கில் ஆடினால்தான் திறமையின் உருவம் மங்கலாகத் தெரியும். இப்படி யோசியுங்கள்: பறவைகள் சரணாலயமான வேடந்தாங்கலில் மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைந்தால், ஊரார் ஏரியைச் சரியாகக் காக்கவில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. வரத்து நன்றாக இருந்த ஆண்டின் புகழும் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சீட்டு மேசையில் மட்டும் நாம் ஓர் இரவின் வரத்தைக் கொண்டு நம்மை நாமே அளந்துகொள்கிறோம்.

தொழிலாகவே ஆடி வாழ்கிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்கள் நடந்துகொள்ளும் விதமே எனக்குச் சாட்சி. பெரிய போட்டி என்றால் தங்கள் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பிறருக்குப் பங்காக விற்றுவிடுகிறார்கள். ஒரே போட்டியில் போகும் தொகை தங்கள் ஆட்ட மூலதனத்தில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள் தங்கள் திறமையை நம்பிப் பந்தயத்தைப் பெருக்குவதில்லை. பெருக்குகிறவர், 2003இல் நூறு டாலருக்கும் குறைவான தகுதிப் போட்டியில் நுழைந்து உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கிறிஸ் மனிமேக்கரின் கதையைக் கேட்டு வந்தவர். மனிமேக்கர் வென்ற போட்டியில் 839 பேர் ஆடினார்கள். மூன்றே ஆண்டுகளில் அது 8,773 ஆனது.

இன்னொரு வாதம் சற்று வலுவானது. போட்டி வடிவத்தில் நட்டத்துக்கு எல்லை உண்டு, நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் போகாது, சினிமா டிக்கெட்டைப் போலத்தானே என்பார்கள். உண்மைதான், மறுநுழைவு இல்லாத போட்டியில். தோற்றவர் மீண்டும் பணம் கட்டி உள்ளே வரலாம் என்ற விதி வந்ததும் அந்த எல்லை போயிற்று. அதைத் தாண்டலாமா என்ற முடிவை, தோற்ற சூடு தணியாத ஒருவர் சில நிமிடங்களில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025இல் தமிழ்நாடு விதித்த நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரையிலான இணைய ஆட்டத் தடையைப் பலர் கேலி செய்தார்கள். பெரியவர்களுக்கு உறங்கும் நேரம் சொல்ல அரசு யார் என்பது நியாயமான கேள்வியே. ஆனாலும் களைத்த மனத்தின் தீர்மானம் வேறு என்ற அறிவு அந்த விதியில் இருந்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டமியற்றி, பழைய வேறுபாட்டையே தள்ளிவிட்டது.

இணையம் மூடினாலும் கோவாவின் கேசினோக்கள் இருக்கின்றன, நண்பர்களின் மேசை இருக்கிறது. அங்கே போகிறவர், மறுநுழைவுகளையும் சேர்த்து இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் புறப்படும் முன்பே வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடிகிறதா? சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்தத் தொகை அவருக்கு அதிகம், அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும்.