செத்தவரா வந்து கேட்கப் போகிறார்?

பெரியவர் மறைந்தார். பதினாறாம் நாளும் முடிந்தது. பெட்டிச் சாவி ஒருவர் கையில் இருக்கிறது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக மறைந்தவரே பெயர் குறித்துவிட்டுப் போன நண்பர் அவர். அவர் காதருகே குனிந்து உறவினர் ஒருவர் கேட்கிறார்: “கணக்கு எதற்கு? செத்தவரா வந்து கேட்கப் போகிறார்?”

ஆத்திகரிடம் இதற்கு விடை உண்டு. ஆவி பார்க்கும், ஆண்டவன் கேட்பான் என்பார். ஆவியை நம்பாத, நரகத்திற்கு நடுங்காத நம் விடை யாது? அச்சம் அகன்றால் அறமும் அகன்றுவிடுமோ?

சட்டம் சொல்வதை முதலில் காண்போம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மறைந்தவரின் சொத்து நிறைவேற்றுபவரிடம் வந்து சேர்கிறது. வரவேண்டிய கடனை அவர் வசூலிக்கலாம், வழக்குத் தொடரலாம், விற்கவும் செய்யலாம். பெரிய அதிகாரந்தான்! ஆனால் அதற்கு வரம்பும் வரிசையும் உண்டு. அடக்கச் செலவும் இறுதி நோயின் மருத்துவச் செலவும் முதலில். அடுத்து, உயிலை மெய்ப்பிக்கும் நீதிமன்றச் செலவு. பிறகு, இறப்புக்கு முந்திய 3 மாதங்களில் உழைத்த வேலையாட்களின் கூலி. அதன்பின் மற்றக் கடன்கள். இவை தீர்ந்த பின்னரே உயிலில் கண்ட கொடைகள். மகனுக்கு எழுதிய மாளிகைக்கு முன்னால், அம்மாளிகையில் பாத்திரம் துலக்கியவளின் கூலி நிற்கிறது!

நீதிமன்றச் சான்று பெற்றவர் 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டிற்குள் வரவு செலவுக் கணக்கும் தரவேண்டும். சொத்தைத் தாமே வாங்கிக் கொண்டால், உரிமையுடையோர் அவ்விற்பனையைச் செல்லாததாக்கலாம். முறைகேடு செய்தால் இழப்பை ஈடுகட்ட வேண்டும்.

எனினும் சட்டத்தின் கண் எல்லா மூலைக்கும் எட்டுமா? பாத்திரம் துலக்கியவள் சட்டம் படித்தவளல்லள். எழுத்தறியாத கைம்பெண்ணுக்குக் கணக்கேடு இருட்டறை. பொய்க் கணக்கு எழுதினால் ஏமாறுவது பிணமன்று; உயிரோடிருக்கும் இவர்களே! செத்தவர் கேட்கமாட்டார், உண்மை. கேட்க வேண்டியவர்களுக்கோ கேட்கத் தெரியவில்லை. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் வெளியே சென்ற ஐந்து நிமிடத்தில்தான் மாணவனின் நேர்மையை நான் அறிகிறேன். நிறைவேற்றுபவரின் நிலையும் அதுவே.

இன்னும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. எல்லாம் மகனுக்கு, மகளுக்கு ஒன்றுமில்லை என்கிறது உயில். நிறைவேற்ற வேண்டியவரோ சமத்துவம் பேசுபவர். உயிலை ஒளித்துவிடலாமா?

கூடாது என்பேன். எழுதியவருக்கு அதை எழுத உரிமை இருந்ததா என்று அவர் ஆராயட்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குரிய பங்கை எந்தத் தந்தையும் உயிலால் பறிக்க இயலாது. அதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். நீதிமன்றம் செல்லும் வழியையும் காட்டட்டும். சொத்து தந்தையின் சொந்தச் சம்பாத்தியமாயின், சட்டம் அவ்வுயிலை ஏற்கிறது. மனம் ஒப்பவில்லையெனில் பொறுப்பை ஏற்காமல் விலகிக் கொள்ளலாம். ஏற்றுக்கொண்டபின் கள்ளத்தனமாகத் திருத்தும் உரிமை அவருக்கில்லை. இன்று நீதிக்காக ஒருவர் திருத்தினால், நாளை சாதி வெறிக்காக வேறொருவர் திருத்துவார். இருவருக்கும் சாட்சி பூட்டிய பெட்டி மட்டுமே.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் இந்திய அளவிலும் மகளின் பங்கு சட்டமாயிற்று. ஊரறியப் பேசிப் பெற்ற வெற்றி அது!

தோழர்களே! நாளை உங்களிடமும் ஒருவர் சாவியை நம்பித் தரக்கூடும். அன்று அந்தப் பழைய கேள்வி உங்கள் காதிலும் விழும். “அவர் கேட்கமாட்டார், ஆகவே கணக்கை நானே எல்லோர் முன்பும் படிக்கிறேன்” என்று சொல்லுங்கள். பிறகு முதற் செலவாக வேலைக்காரியின் கூலியைக் கேட்டறிந்து எழுதுங்கள்.