யார் காதில் சொல்வது?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபிஷேகம் முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நம்மிடையே எழுந்த ஒரு வாக்குவாதத்தை இங்கே எழுதுகிறோம். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று உளவியல் பேராசிரியர் பதவிக்கு ஆள் தேடுகிறது. ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் பாடம் நடத்தத் தெரிய வேண்டும்; பல இனத்தவரும் பல மொழியினரும் கூடி வாழும் இடத்தில் ஒருவரும் ஒதுக்கப்படாமல் இருப்பது எப்படி என்பதில் ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உளவியலில் பிஎச்.டி. வாங்கிய நம் வீட்டுப் பெண் ஒருத்தியால் விண்ணப்பிக்க முடியவில்லை. ஸ்பானிஷ் தெரியாது, அவ்வளவுதான்.

"இதுவும் ஒரு கோட்டாதானே!" என்றார் அவள் தகப்பனார். நம்மில் பலர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பெட்டியில் ஊறுகாயோடு அந்தச் சொல்லையும் வைத்துக்கொண்டு வந்தோம். ஊறுகாய் தீர்ந்து வெகுகாலமாயிற்று. அவர் மனவருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனால் அவர் கேட்டதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மொழி என்பது தகுதியா, சலுகையா?

இந்த நாட்டில் இக்கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜார்ஜ் சான்செஸ் என்பவர் 1906-ல் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் பிறந்தார். ஸ்பானிஷ் பேசும் குடும்பம். பதினாறு வயதிலேயே கிராமப் பள்ளி ஆசிரியர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் படித்து, 1934-ல் பெர்க்லியில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுச் சோதனை வைத்து, வந்த குறைந்த மதிப்பெண்களைப் பார்த்து "இந்த இனத்துக்கே மூளை மட்டு" என்று படித்தவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். சான்செஸ் 1934-ல் ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காத சொற்களை வைத்து அதன் அறிவை அளந்தால், அளக்கப்படுவது அறிவல்ல என்பதே அவர் வாதம். 1940-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1948-ல் டெல்காடோ வழக்கில், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைப்பது செல்லாது என்று டெக்சஸில் தீர்ப்பு வந்ததற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கட்டடத்துக்கு அவர் பெயர்.

இரண்டு மொழியும் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்தப் பிழை கண்ணில் பட்டது. மற்றவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் கையில் இருந்த அளவுகோல் அவர்கள் மொழியில் செய்யப்பட்டது. அது கோணலாக இருப்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அப்படியும் அந்தக் கோணல் சீக்கிரம் நிமிரவில்லை. சான்செஸ் எழுதி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1970-ல், கலிபோர்னியாவில் டயானா வழக்கு. ஸ்பானிஷ் பேசும் ஒன்பது குழந்தைகளை ஆங்கிலச் சோதனையை நம்பி மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று தெரிந்தது.

"ஸ்பானிஷ்காரர் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் வீட்டுக் கதையும் அதுதான். குழந்தையைக் கிண்டர்கார்ட்டனில் சேர்த்த முதல் மாதம், "உங்கள் பையன் பேசவே மாட்டேன் என்கிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று ஆசிரியை சொன்னதும், மறுநாளே தமிழை நிறுத்திய குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்த அம்மாள் கெட்டவர் இல்லை; நல்லதென்று நினைத்தே சொன்னார். இரண்டு மொழி குழந்தையின் மூளையைக் கெடுக்காது என்று மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1962-லேயே ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். அது அந்தப் பள்ளி வரை வந்து சேரவில்லை. நாமும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது, நாற்பது வயது. ஊரிலிருந்து தாத்தா கூப்பிட்டால் "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆகையால் இந்த வேலைக்கு மொழியைக் கேட்பது நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. மருத்துவரிடம் நாடி பார்க்கத் தெரியுமா என்று கேட்பது போலத்தான் இது. ஆனால் கேட்க வேண்டியது மொழியை, பிறப்பை அல்ல. ஸ்பானிஷ் பெயர் வைத்திருப்பதாலேயே ஒருவருக்கு ஸ்பானிஷ் பாடம் நடத்த வராது. நம் பிள்ளைகளே சாட்சி! மறுபக்கம் பெர்க்லியில் 1975 முதல் தமிழ் கற்பித்த ஜார்ஜ் ஹார்ட் தமிழராகப் பிறந்தவரா? புறநானூற்றை ஆங்கிலத்தில் தந்தார். தமிழ் செம்மொழிதான் என்று 2000-ல் அவர் எழுதிய கடிதத்தை 2004-ல் மத்திய அரசு அறிவிப்பு வந்த சமயத்தில் எத்தனை மேடைகளில் வாசித்தோம்! அந்தத் தகப்பனாரும் கைதட்டியவர்தான். அன்று நாம் ரத்தம் பார்க்கவில்லை. இவர் மகளும் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால் யாரும் தடுக்க முடியாது, கூடாது.

சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டெக்சஸில் 2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென இருந்த அலுவலகங்களை மூடிவிட்டார்கள். பாடமும் ஆராய்ச்சியும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அந்த அரசியலுக்குள் நாம் போகவில்லை.

நமக்கு உறைத்தது வேறொன்று. மகன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட ஒரு தாயார், ஊரில் கணவரை இழந்தவர். ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பேரன் மொழிபெயர்ப்பாளன், பதினான்கு வயது. "நெஞ்சு பாரமா இருக்கு, யாருக்கும் வேண்டாதவளாயிட்டேன்" என்றார் பாட்டி. பேரன் முதல் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான். பின்பாதியைச் சொல்ல அவனுக்குச் சொல் கிடைக்கவில்லையோ, மனம் வரவில்லையோ! இதயத்துக்கு எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. குறை சொல்ல இதில் ஒருவரும் இல்லை. தாத்தா பாட்டியின் துக்கத்தைப் பேரன் வாய் வழியே அனுப்பக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பேராசிரியர் வேண்டும். அந்தப் பாடத்தை ஸ்பானிஷில் படித்த மாணவியும் நாளை நம் பாட்டிக்கு உதவுவாள்.

இத்தோடு முடித்திருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்போம். அப்போது நம் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அப்படிப்பட்டவர் நம் கோயிலுக்கும் வந்து, இங்கே யார் யாரோடு பழகுகிறார்கள், யார் பெயரைக் கேட்டதும் எந்த ஊர், என்ன தெரு என்று விசாரிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தால்?" கூடம் கொஞ்சம் அமைதியாயிற்று. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் ஜாதியையும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சேர்த்தது. 2023-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் அதைச் சட்டமாகவே நிறைவேற்றியபோது, இருக்கிற சட்டமே போதும் என்று அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்தார். நம்மவர்களிலேயே அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் கடிதம் எழுதினவர்கள் உண்டு. எதிர்த்தவர்களுக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது, பள்ளியில் நம் குழந்தையைப் பார்த்து "நீ என்ன ஜாதி?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பது. ஆனால் அதே கேள்வியை நம் கூடத்தில், இலை போட்டுக்கொண்டே, சிரித்த முகத்தோடு நாமே கேட்டிருக்கிறோம். எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியிடம் சொல்லும் உரிமை நமக்கு உண்டென்றால், நம் கூடத்தில் சேராமல் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவர் யார் என்று அந்தப் பேராசிரியர் கேட்கும்போது எழுந்து போக நமக்கு உரிமை இல்லை. இது கமிட்டியில் எல்லோருடைய அபிப்பிராயமும் அல்ல. இரண்டு பேர் இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். வைத்திருக்கிறோம்.

இவ்வளவு பேச்சையும் ஒரு மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பாட்டி. நமக்கெல்லாம் தமிழ் தெரிந்த மனநல வல்லுநர் ஒருவர் பக்கத்திலேயே வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், உங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை ஆறுதல் என்று அவரிடம் சொன்னோம். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"தமிழ் தெரிஞ்சா நல்லதுதாம்மா. ஆனா இந்தக் கோயிலுக்கு வர்றவங்களா இருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன்."